கழிக்க வேண்டிய சூடு

நாள் 1,147 | 07:10
அஞ்சல் நிலையம் 3. பொறுப்பாளர்: ஞா. மாசிலாமணி. உள்ளே ஆள்: 1.

உள் வெப்பம் 21. உலை சீராக ஓடுகிறது. கடிகாரங்கள் இரண்டும் ஒத்துப்போகின்றன. பூமியின் நேரக்குறி விடாமல் வருகிறது. வழக்கம்போல இருபத்து நான்கு நாள் பழையது. காற்று வடிகட்டியில் மூன்றாவது பெட்டியை மாற்றினேன். காலை உணவு, உப்புமா என்று எழுதியிருந்த ஒரு பொட்டலம். எழுதியிருந்ததைத் தவிர உப்புமாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்தக் குறிப்பேட்டை எடுத்துப் படிக்கப்போகிறவர் யாரென்று தெரியாது. தினமும் எழுத வேண்டும் என்பது விதி, எழுதுகிறேன். என் உத்தியோகம் பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. நான்கு டன் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து, பூமிக்கும் தொலைதூரக் கப்பல்களுக்கும் நடுவே செய்தியை வாங்கிக் கொடுக்க வேண்டும். இங்கிருந்து பார்த்தால் சூரியன் பளிச்சென்ற ஒரு புள்ளி, அவ்வளவுதான். வந்துசேர எட்டு வருடம், வந்து மூன்று வருடம். யாரும் அனுப்பவில்லை, நானாகக் கேட்டு வாங்கிய வேலை.

இன்று ஒரு விசேஷம். ஐந்து பேர் போகும் கொற்கை என்ற கப்பல் இன்று தன் சரக்குக் கலத்தைச் சந்திக்கிறது. அந்தக் கலம் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பே புறப்பட்டது. இயந்திரம் கிடையாது, விளக்கு கிடையாது. எறிந்த கல் மாதிரி, ஈர்ப்பு இழுக்கிற இழுப்புக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஐயாயிரம் கிலோமீட்டருக்குள் வந்து கூப்பிட்டால் மட்டும் பதில் கொடுக்கும். கப்பல் திரும்பி வரத் தேவையான எரிபொருள், காற்று, தண்ணீர் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

இன்றைக்கு அது எந்த இடத்தில் இருக்கும் என்று சொல்லும் அட்டவணையைப் போட்டவன் நான். கப்பலின் தலைவி சண்முகவடிவு. என்னைவிட எட்டு வயது இளையவள். பன்னிரண்டு வருடம் ஒரே ஆய்வுக்கூடத்தில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்தோம். அங்கிருந்து செய்தி இங்கு வர முப்பத்தொரு மணி நேரமாகும். நாளை சாயங்காலம் நல்ல சேதி வரும்.

நாள் 1,148 | 17:00

உள் வெப்பம் 21. உலை சீர்.

16:20-க்குக் கொற்கையிலிருந்து செய்தி. அப்படியே பதிகிறேன்.

"அண்ணாச்சி, வடிவு பேசுதேன். நல்லா இருக்கியளா? எடத்துக்கு வந்து சேந்துட்டோம். கலத்தக் காணல. அஞ்சு தடவ கூப்டாச்சு, பதிலில்ல. எங்க கூட வந்திருக்க பீர்முகமது என்ன சொல்லுதாருன்னா, தொட்டியில எங்கயாச்சும் கசிவு இருந்து, அந்த ஊதலுல கலம் முன்னால போயிருக்கும்ங்காரு. இருக்க எரிபொருளுக்கு ஒரு பக்கந்தான் போயித் தேட முடியும். முன்னால போனா பின்னால வர முடியாது. காத்து முப்பது நாளைக்கு இருக்கு. பூமியக் கேட்டா பதில் வர அம்பது நாளாகும். அட்டவணை போட்ட ஆளு நீங்க பக்கத்துல இருக்கது எங்க அதிர்ஷ்டம். சொல்லுங்க, எந்தப் பக்கம்?"

இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டேன். பிறகு விசைப்பலகையை இழுத்து, "உங்கள் ஆண்டெனாவைச் சரிபார்க்கவும், அலைவரிசையைச் சரிபார்க்கவும், நகர வேண்டாம்" என்று பதில் அனுப்பினேன்.

ஆண்டெனாவில் கோளாறு இருக்காது என்று எனக்குத் தெரியும். அந்தப் பதில் போய், அதற்கு மறுபதில் வர அறுபத்திரண்டு மணி நேரமாகும். அவர்களுடைய முப்பது நாளில் இரண்டரை நாளைத் தின்றுவிட்டேன்.

நாள் 1,149 | 08:00

உள் வெப்பம் 21. மற்றவை சீர். சாப்பிடவில்லை.

நடந்ததை எழுத வேண்டுமானால் பழைய சண்டையிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் துறைக்கு வெளியே இருப்பவருக்கும் புரியும்படி சொல்கிறேன்.

விண்மீன் மண்டலங்களின் ஓரத்தில் இருக்கும் நட்சத்திரங்கள் சுற்ற வேண்டிய வேகத்தைவிட அதிகமாகச் சுற்றுகின்றன. ஏன் என்பதில் இரண்டு கட்சி. கண்ணுக்குத் தெரியாத பொருள் நிறையக் கிடக்கிறது, அது இழுக்கிறது என்பது ஒன்று. அப்படி ஒரு பொருளும் கிடையாது. ஈர்ப்பு மிகமிகப் பலவீனமாகும் இடத்தில் அதன் விதியே கொஞ்சம் மாறுகிறது என்பது மற்றொன்று. நூறு வருடத்துக்கு மேலாக நடக்கும் வழக்கு. நான் முதல் கட்சி. வடிவு இரண்டாவது. கேன்டீனில் எங்கள் குரல் கேட்டாலே டீ போடுகிறவர் "ஆரம்பிச்சுட்டாங்க" என்பார். நான் அவளுடைய கொள்கையைக் கிறுக்கு என்பேன். அவள் என்னுடைய கண்ணுக்குத் தெரியாத பொருளைப் பேய் என்பாள். "பேயாவது எப்பவாவது ஒருக்கா சலங்கய ஆட்டும் அண்ணாச்சி, உங்க பேயி அதயும் செய்ய மாட்டேங்கே" என்று சொன்னது நினைவிருக்கிறது. அன்றைக்கு நானும் சிரித்தேன்.

வழக்கைத் தீர்க்க இரண்டு சிறு கருவிகளைத் தொலைவுக்கு அனுப்பினோம். சூரியனின் இழுப்பு மிகவும் தளர்ந்துபோகும் இடத்தில் அவை விதிப்படி நகர்கின்றனவா என்று பார்ப்பதற்காக. விதிப்படி என்றால் மிச்சம் பூஜ்யம், என் கட்சிக்கு வெற்றி. மிச்சம் இருந்தால் வடிவுக்கு.

மேலே எழுத இன்று தைரியமில்லை.

நாள் 1,151 | 07:40

உள் வெப்பம் 21.

06:55-க்குப் பதில் வந்தது.

"அண்ணாச்சி, நீங்க சொன்ன மாதிரி எல்லாத்தயும் கழட்டி மாட்டியாச்சு. ஆண்டெனா தெளிவா இருக்கு. கலந்தான் இல்ல. இங்க எல்லாரும் முன்னால போவோம்னு நிக்காவ. நாந்தான் உங்க வார்த்தைக்காகப் பிடிச்சு வச்சிருக்கேன். ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கப்பிடாது. என் பழைய கிறுக்கு மட்டும் நெசமா இருந்திருந்தா, சூரியன் கூடக் கொஞ்சம் இழுத்திருக்கும், கலம் பின்னால கெடக்கும். ராத்திரி பகலா அதான் ஓடுது மனசுல. ஆனா அதத்தான் நீங்க அளந்து பொய்னு காட்டிட்டியளே. சும்மா கெடக்க மாட்டேங்கு புத்தி. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா முன்னால கெளம்பிருதோம்."

முன்னால் போனால் ஐந்து பேரும் சாகலாம். இன்று சொல்லியாக வேண்டும்.

நாள் 1,151 | 12:30

எங்கள் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. அதைக் கண்கட்டு என்போம். அளவீடு வந்ததும் அதோடு ஒரு ரகசிய எண்ணைக் கணினி கூட்டிவிடும். அந்த எண் யாருக்கும் தெரியாது. வண்ணப்பூச்சின் வயது, மின்கலத்தின் சூடு, கடிகாரத்தின் பிசகு என்று கழிக்க வேண்டியதையெல்லாம் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் கழிக்க வேண்டும். எல்லாம் முடிந்து, இனி எதையும் மாற்ற மாட்டோம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு, கூடமே கூடி நிற்க, ரகசிய எண்ணை எடுத்துவிட்டு விடையைத் திறப்போம். மனிதன் தான் விரும்பும் விடை வரும்வரை கழித்துக்கொண்டே இருப்பான் என்பதற்காகத்தான் இத்தனை கட்டுப்பாடு. அதைப் புதுப் பிள்ளைகளுக்கு வருடாவருடம் பாடம் நடத்தியவன் நானேதான்.

கண்கட்டு நிரலை எழுதியவனும் நானேதான். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போயிருந்தார்கள். நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரகசிய எண்ணை எடுத்துவிட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆனது.

மிச்சம் எட்டு.

அலகு இருக்கட்டும். அந்த இழுப்பு ஒரு பொருளை ஒரு நாள் முழுக்க இழுத்தால் ஓர் அடி நகர்த்தும். ஒன்றுமேயில்லை. ஆனால் வடிவின் கொள்கை கேட்டது ஏறக்குறைய அந்த எண்ணைத்தான். இழுக்க இழுக்க வேகமும் சேர்ந்துகொண்டே போவதால், இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஓர் அடி பத்தொன்பதாயிரம் கிலோமீட்டராகும்.

திரையை மூடிவிட்டுப் போய் நானும் சாப்பிட்டேன். மறுநாளிலிருந்து கழிக்க வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். தேடினால் கிடைக்கும். கருவியின் முதுகில் அடித்த வெள்ளைப் பூச்சு பழசாகியிருந்தது. பூச்சு பழசானால் சூடு ஒரு பக்கமாக அதிகம் வெளியேறும். வெளியேறும் சூடு கருவியை மெல்லத் தள்ளும். இது பொய்யல்ல. பூச்சு எவ்வளவு பழசு என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஒரு மதிப்பு வைத்தால் இரண்டைக் கழிக்கலாம், இன்னொரு மதிப்பு வைத்தால் எட்டைக் கழிக்கலாம். நான் எட்டு வருகிற மதிப்பை வைத்தேன். காரணங்கள் சொன்னேன், நல்ல காரணங்கள். மூன்று பேர் சரிபார்த்தார்கள். அவர்களுக்குக் கண் கட்டியிருந்தது. எனக்குக் கட்டியிருக்கவில்லை.

பூஜ்யம் வந்ததும் தேடுவதை நிறுத்தினேன். நான் செய்தது அவ்வளவுதான். ஒரு எண்ணைக்கூடத் திருத்தவில்லை.

திறப்பு விழா அன்று கேசரி கொடுத்தார்கள். திரையில் பூஜ்யம் வந்தது. வடிவு எல்லோருக்கும் முன்னால் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "எண்ணு சொல்லிட்டு அண்ணாச்சி. பெறவு நாம என்னத்தப் பேச?" என்றாள். அடுத்த வாரம் அச்சுக்குப் போயிருந்த தன் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பதினொரு வருட உழைப்பு. அதன்பின் அந்த விஷயத்தை அவள் எடுக்கவே இல்லை. கப்பல் ஓட்டப் படித்தாள். நான் மேடைமேடையாக ஏறினேன். எல்லா மேடைக்கும் முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். அதைப் பார்க்க முடியாமல்தான் மனித வாசனையே இல்லாத இந்த இடத்துக்கு மனுப் போட்டேன். இங்கேயும் வந்துவிட்டாள், அந்தப் பூஜ்யத்தை வைத்து நான் போட்ட அட்டவணையை நம்பி.

நாள் 1,151 | 18:05

ஐந்து தடவை எழுதி அழித்தேன். முதல் நான்கிலும் பூச்சைப் பற்றித்தான் அதிகம் இருந்தது. எங்கள் சபையில் பாவத்தைப் பாதிரியாரிடம் போய்ச் சொல்லும் வழக்கமில்லை, நேரே கடவுளிடம் சொல்லிக்கொள்ளலாம். கடவுளிடம் முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் வருகிறேன், ஒரு கஷ்டமும் இல்லை. வடிவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. 18:00-க்கு அனுப்பியது இது:

"வடிவு, மாசிலாமணி பேசுதேன். முன்னால போவாத. தெறப்பு நாளைக்கு முந்தியே நான் கண்கட்ட அவுத்துப் பாத்துட்டேன். மிச்சம் எட்டு இருந்துச்சு. பூஜ்யம் வார வரைக்கும் பூச்சு மேல பழியப் போட்டுக் கழிச்சேன். உங்கிட்டயும் எல்லார்கிட்டயும் மறைச்சேன். அந்த எட்டு ஈர்ப்பா, பூச்சான்னு எனக்கே தெரியாது. தெரியாதபடி நாந்தான் ஆக்கிட்டேன். ஈர்ப்புன்னா கலம் பின்னால கெடக்கு. பூச்சுன்னா பீர்முகமது சொல்லுதது சரி. இப்ப ஒலைய அணைச்சிட்டு இங்க வச்சு நானே திரும்ப அளக்கப் போறேன். எண்ணு வந்ததும் அனுப்புதேன். அதுவர அசையாத. மன்னிப்புன்னு கேக்க எனக்கு வாயில்ல."

அளக்கும் வழி இதுதான். இந்த நிலையமும் அதே தளர்ந்த ஈர்ப்பில்தான் விழுந்துகொண்டிருக்கிறது. பூமியின் நேரக்குறியை என் கடிகாரத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு விழுந்தது என்று தெரியும். எட்டு உண்மையென்றால் மூன்று நாளில் ஒன்பது அடி கூடுதலாக விழ வேண்டும். கடிகாரம் அதைப் பிடித்துவிடும். இடைஞ்சல் என் உலைதான். அதன் சூடு நிலையத்தை அந்த எட்டைவிட நூறு மடங்கு தள்ளுகிறது. சூட்டைக் கழிக்க நான் இனி எந்த மதிப்பையும் வைக்கப்போவதில்லை. சூடே இருக்கக்கூடாது.

18:04. உலையை அணைத்தேன்.

நாள் 1,152 | 09:00

உள் வெப்பம் 8. இருக்கிற துணியெல்லாம் உடம்பில். கடிகாரத்துக்கும் செய்தி வாங்கிக்கும் மட்டும் மின்கலம். காற்று வடிகட்டி மருந்தால் வேலை செய்வது, மின்சாரம் வேண்டாம்.

வடிவு என் செய்தியைக் கேட்கப்போவது நாளைக்குத்தான். அதுவரை அவளுக்கு நான் நல்லவன். இந்த ஒரு நாளைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. அப்படி ஆசைப்படுவதே அசிங்கம் என்றும் தெரிகிறது.

நாள் 1,153 | 10:15

உள் வெப்பம் −7. கண்ணாடியின் உட்பக்கம் என் மூச்சு உறைந்திருக்கிறது. தண்ணீர்ப் பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்து உருக்கிக் குடிக்கிறேன். சுவர் இன்னும் ஆற வேண்டும். இனி விரல் ஒத்துழைக்கும் அளவுக்குத்தான் எழுத முடியும்.

01:00-க்கு அவளுக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்.

நாள் 1,154 | 11:50

உள் வெப்பம் −19. சுவர்கள் ஆறிவிட்டன. அளவீட்டைத் தொடங்கலாம்.

பதில் எட்டு மணிக்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒன்பது, பத்து. 11:30-க்கு வந்தது. மூன்றரை மணி நேரம் என்ன செய்தாள் என்று தெரியவில்லை.

"கேட்டோம். அஞ்சு பேரும் ஒண்ணா உக்காந்துதான் கேட்டோம். பதினோரு வருசம் அண்ணாச்சி. நான் தோத்ததுக்கு வருத்தப்படல, நெசத்துக்கு முன்னால தோத்தேன்னு நெனச்சேன். அது போவட்டும். இப்ப வேல நடக்கணும். எண்ணு வார வரைக்கும் அசையாம நிக்கோம்னு முடிவு பண்ணியாச்சு. ஆனா இனிம நீங்க கழிக்க ஒவ்வொண்ணயும் நான் கேப்பேன். ஒலைய அணைச்சிட்டிய, சரி. நீங்க உள்ள இருக்கியள்ளா? உங்க ஒடம்புச் சூட்ட எப்படிக் கழிக்கிய?"

நாள் 1,154 | 14:20

அதை நான் யோசிக்கவே இல்லை. கணக்குப் போட்டேன்.

மனித உடம்பு நூறு வாட் சூடு. அது முழுவதும் ஒரே பக்கமாக வெளியேறினால் நான்கு டன் நிலையத்தை எவ்வளவு தள்ளும்? மூன்று தடவை போட்டேன்.

எட்டு.

இந்த அறை நிலையத்தின் ஒரு கோடியில் இருக்கிறது. ஜன்னலும் இந்தப் பக்கம்தான். என் சூட்டில் எவ்வளவு பங்கு இந்த வழியாகப் போகிறது என்று தெரியாது. பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் வடிவு பக்கம் ஒரு விடை. முழுவதும் என்று வைத்தால் மறுபக்கம் வேறு விடை. எந்த விடை வேண்டுமோ அதற்கு ஒரு நல்ல காரணம் எழுதிவிடுவேன். அதில் எனக்குக் கைராசி உண்டு. ஐந்து உயிர். இனி ஒரு மதிப்பைக்கூட நான் வைக்க மாட்டேன்.

உலையை அணைத்ததுபோல இதையும் அணைத்தால்தான் தீரும். அவளுடைய கேள்விக்கு வேறு பதில் இல்லை. அவள் அதைத் தெரிந்துதான் கேட்டாளா என்று நினைத்துப் பார்த்தேன். தெரிந்து கேட்டிருந்தாலும் கேட்க உரிமையுள்ளவள்தான்.

வியப்பு என்னவென்றால், கணக்கு முடிந்ததும் மனசு லேசாகிவிட்டது. இத்தனை வருடத்தில் இன்றுதான்.

நாள் 1,154 | 17:10

விரல் வரவில்லை. சுருக்கமாக.

செய்தவை:

வடிவுக்குக் கடைசிச் செய்தி அனுப்பியாயிற்று. "ஒடம்புச் சூடு இனிம இருக்காது. மூணு நாள்ல எண்ணு வரும். அத நம்பு." இவ்வளவுதான் சொன்னேன். காரணம் சொன்னால் அழுவாள்.

ஒலிபரப்பியைப் பூட்டினேன். அலை போனாலும் நிலையத்தைத் தள்ளும். எழுபத்திரண்டு மணி நேரம் திறக்காது. யார் சொன்னாலும் திறக்காது. நான் சொன்னாலும்.

அளவீடு முடிந்ததும் நிலையமே எண்ணைக் கப்பலுக்கு அனுப்பும். இங்கே திரையில் காட்டாது. நடுவில் என் கை படாது. அவள்தான் முதலில் பார்ப்பாள்.

வெளி உடையில் காற்று ஆறு மணி நேரம். உந்துபெட்டியைக் கழற்றி உள்ளேயே வைத்துவிட்டேன். இருந்தால் திரும்பி வருவேன். என்னை எனக்குத் தெரியும். உடையின் குறி மட்டும் நிலையத்துக்கு வரும்படி விட்டிருக்கிறேன். எவ்வளவு விலகினேன் என்பது கணக்குக்கு வேண்டும்.

கதவை உதைத்துக்கொண்டு மெதுவாகப் போவேன். அந்த உதை ஒரே ஒரு தடவை, நிரல் அதைக் கழித்துவிடும். அதில் எவனும் மதிப்பு வைக்க வேண்டியதில்லை.

பயமாக இருக்கிறது. மறைக்க என்ன இருக்கிறது.

வடிவு, நீ சொன்னது சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள நினைத்தேன். வேண்டவில்லை. எது உண்மையோ அது வரட்டும். இதை முதல் தடவையாகச் சொல்கிறே

17:40. போகிறேன்.

நாள் 1,154 | 17:42
தானியங்கிப் பதிவு

வெளிக்கதவு திறந்தது. மூடியது.
உள்ளே ஆள்: 0.
அளவீடு தொடங்கியது. மீதம் 72 மணி.

நாள் 1,154 | 20:15
தானியங்கிப் பதிவு

உள் வெப்பம் −22.
கொற்கையிலிருந்து செய்தி. அறை ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது:

"அண்ணாச்சி, வடிவுதான். முந்துன செய்தி போயி எட்டே முக்கா மணி நேரமாச்சு. அதுல கோவத்துல கேள்வியக் கேட்டுப்புட்டு பதிலச் சொல்லாம வச்சுட்டேன். பெறவு உக்காந்து யோசிச்சேன். ஒண்ணும் பெரிய காரியமில்ல. ஒண்ணர நாளு இந்தக் கோடியில படுங்க, ஒண்ணர நாளு அந்தக் கோடியில படுங்க. ஒடம்புச் சூடு ஒருக்கா இங்கிட்டு தள்ளும், ஒருக்கா அங்கிட்டு தள்ளும். ரெண்டயும் கூட்டிப் பாதியாக்குனா தன்னால கழிஞ்சு போவும். மொத வருசப் பிள்ளைகளுக்கு நீங்க சொல்லிக் குடுத்த வித்ததான், மறந்துட்டியளா? மூணு நாளு பொறுக்க எங்களுக்குக் காத்து இருக்கு. பீர்முகமது கேக்கச் சொல்லுதாரு, குளுருக்குப் போத்திக்கிடத் துணி இருக்கான்னு. உங்களத் திட்ட எனக்கு நெறய இருக்கு. நேர்ல வந்து திட்டுதேன். அதுக்கு நீங்க இருக்கணும்லா. கேட்டுச்சுன்னா ஒரு வார்த்த பதில் போடுங்க."

பதில் கேட்கப்பட்டது. பதிலளிக்க ஆள் இல்லை.
வெளி உடையிலிருந்து குறி: வருகிறது. தூரம் 4.6 கிலோமீட்டர். காற்று மீதம் 3 மணி 25 நிமிடம்.
செய்தியை உடைக்குக் கடத்த ஒலிபரப்பி தேவை. ஒலிபரப்பி பூட்டப்பட்டுள்ளது. பூட்டியவர்: ஞா. மாசிலாமணி.
உள்ளே ஆள்: 0.
அளவீடு தொடர்கிறது.